லெவன் பிளஸ் ஒத்தசொல் பயிற்சி: ஆயிரம் சொல் பட்டியல் ஏன் கைகொடுப்பதில்லை

கேள்வி இதுதான்: மகள் இங்கிலாந்தில் இயர் ஃபைவ் (9–10 வயதுப் பிள்ளைகளின் வகுப்பு) தொடங்கியிருக்கிறாள். அடுத்த செப்டம்பரில் லெவன் பிளஸ், அதாவது தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் அரசுப் பள்ளிகளான கிராமர் ஸ்கூல்களின் நுழைவுத் தேர்வு. 1000 ஆங்கிலச் சொற்களும் அவற்றின் ஒத்தசொற்களும் கொண்ட பட்டியலை இரண்டு முறை மனப்பாடம் செய்தாகிவிட்டது. வீட்டில் கேட்டால் டக்கென்று சொல்கிறாள். மாதிரித் தேர்வில் அதே பகுதியில்தான் மதிப்பெண் போகிறது. எப்படிப் பயிற்சி கொடுப்பது?

உங்கள் மகள் படித்தது சொற்களை அல்ல, சோடிகளை. பட்டியலில் ‘அபண்டன்ட்’ (ஏராளமான) என்ற சொல்லுக்கு எதிரே ‘பிளென்டிஃபுல்’ என்று இருந்திருக்கும். தேர்வுத் தாளில் ‘அபண்டன்ட்’ வரும், கீழே உள்ள ஐந்து விடைகளில் ‘பிளென்டிஃபுல்’ இருக்காது, ‘ஆம்பிள்’ இருக்கும். பக்கத்திலேயே ‘ஹார்வெஸ்ட்’, ‘எக்ஸ்பென்ஸிவ்’ என்று பார்த்த முகமான சொற்களும் நிற்கும். சோடியை மட்டும் தெரிந்த பிள்ளை அங்கே திகைத்துப் போகும். சொல்லின் பொருள் தெரிந்த பிள்ளை ‘ஆம்பிள்’ என்பதை முன்பின் பார்த்திராவிட்டாலும் மற்ற நான்கையும் தள்ளிவிடும். ஆகவே பட்டியலை மூன்றாவது முறை ஓட்டுவதில் பயனில்லை.

முதலில் எந்தத் தேர்வு என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இங்கிலாந்தில் 163 கிராமர் பள்ளிகள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் ஒரே தாள் கிடையாது. பெரும்பாலான பகுதிகளில் ஜிஎல் அசெஸ்மென்ட் நிறுவனத்தின் தாள்கள்தான். கென்ட்டில் ஆங்கிலம், கணிதம், ரீசனிங் (தர்க்கத்திறன்) மூன்றும் உண்டு. பக்கிங்காம்ஷரில் ஒரு தாள் மொழித்திறனுக்கே ஒதுக்கப்பட்டது. சட்டன் பகுதியின் முதல்கட்டத் தேர்வில் ஆங்கிலமும் கணிதமும் மட்டுமே. அங்கே ஒத்தசொல் தனிக் கேள்வியாக வராமல், பத்தியின் ஒரு வரியைக் காட்டி ‘இந்தச் சொல்லுக்கு மிக நெருங்கிய பொருள் எது’ என்று வரும். தனிச்சொல்லுக்குப் பழகிய பிள்ளை அங்கே பத்தியைப் பார்க்காமலே விடையைக் குறித்துவிடும். பள்ளியின் இணையதளத்தில் உள்ள மாதிரித் தாளை நீங்களே ஒருமுறை உட்கார்ந்து செய்து பாருங்கள். பெற்றோர் பலர் இதைச் செய்வதில்லை. செய்தால் பிள்ளையைத் திட்டுவது பாதியாகக் குறையும்.

ஜிஎல்லின் வெர்பல் ரீசனிங்கில், அதாவது சொற்களை வைத்துத் தர்க்கத்திறனைச் சோதிக்கும் தாளில், ஒத்தசொல் அறிவு நேரடியாகத் தேவைப்படும் வகைகள் மூன்று நான்குதான். ஒவ்வொன்றிலும் பொறி வைக்கும் இடம் வேறு.

முதல் வகையில் இரண்டு குழுக்கள், குழுவுக்கு மூன்று சொற்கள். இரண்டிலிருந்தும் ஒவ்வொன்று எடுத்து, பொருளால் மிக நெருங்கிய சோடியைச் சொல்ல வேண்டும். உதாரணமாக இடது பக்கம் ‘ஃப்ரெஷ், ரைப், ஸ்வீட்’, வலது பக்கம் ‘பிட்டர், நியூ, ஃப்ரூட்’. விடை ‘ஃப்ரெஷ் – நியூ’. ஆனால் பிள்ளையின் கண் ‘ரைப் – ஃப்ரூட்’ மேல் போகும். பழுத்தது என்றால் பழம்தானே நினைவுக்கு வரும். அது தொடர்பு, ஒப்புமை அல்ல. ‘ஸ்வீட் – பிட்டர்’ இன்னொரு பொறி, எதிர்ச்சொல். இதே அமைப்பில் எதிர்ச்சொல் கேட்கும் கேள்விகளும் அடுத்த பக்கத்திலேயே வருவதால், களைத்த பிள்ளை ஒன்றின் விதியை மற்றதில் போட்டுவிடும். மொத்தம் ஒன்பது சோடிகள்தான் சாத்தியம். இடது பக்க முதல் சொல்லை வலது மூன்றோடும் வைத்துப் பார், பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது என்று ஒழுங்காகப் போகப் பழக்குங்கள். பழகிவிட்டால் இருபது விநாடி போதும்.

இரண்டாவது, ஐந்து சொற்களில் மூன்று ஒரு குடும்பம், சேராத இரண்டைக் கண்டுபிடிப்பது. ‘ரூலர், மொனார்க், சாவரின், பென்சில், த்ரோன்’ என்று கொடுத்தால், ‘ரூலர்’ என்பதை அடிக்கோல் என்று எடுத்துப் பென்சிலோடு சேர்த்து வெளியே தள்ளிவிட்டு, மொனார்க், சாவரின், த்ரோன் மூன்றும் அரசர் சம்பந்தப்பட்டவை என்று நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். த்ரோன் என்பது அரசர் உட்காரும் பொருள், அரசர் அல்ல. ஆள்பவரைக் குறிக்கும் மூன்று பெயர்களில் ‘ரூலர்’ ஒன்று. சேராதவை பென்சிலும் த்ரோனும்.

மூன்றாவது, இரு குழுக்களுக்கும் பொருந்தும் ஒரே சொல். ‘பெனல்டி, சார்ஜ்’ ஒரு பக்கம், ‘தின், டெலிகேட்’ மறுபக்கம். விடை ‘ஃபைன்’. அபராதமும் அதுவே, மெல்லியதும் அதுவே. இங்கே ‘டிக்கெட்’, ‘ஸ்லிம்’ போன்றவை ஒரு பக்கத்துக்கு மட்டும் பொருந்தி இழுக்கும். இந்த வகையில் ஒலி மாறி எழுத்து மாறாத சொற்களும் வரும். ‘மினிட்’ என்ற 60 விநாடியும் ‘மைனியூட்’ என்ற மிகச்சிறியதும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டல். காயம் என்ற ‘வூன்ட்’, சுற்றினான் என்ற ‘வவுன்ட்’ அப்படித்தான். மனதுக்குள் ஒரே ஒலியில் படிக்கும் பிள்ளைக்கு மற்றது தோன்றவே தோன்றாது. இப்படிப்பட்ட சொற்களுக்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கி, வாய்விட்டுப் படிக்கவைக்க வேண்டும்.

நம் பழைய நிகண்டுகள் இதையேதான் பிரித்து வைத்தன: ஒரு பொருளுக்குப் பல பெயர் ஒரு தொகுதி, ஒரு சொல்லுக்குப் பல பொருள் இன்னொரு தொகுதி. நுழைவுத் தேர்வுப் பட்டியல்களில் முதலாவது மட்டும்தான் இருக்கிறது.

பயிற்சிக்கு முன் ஒரு சின்னக் கணக்கு. மகள் இதுவரை தவறவிட்ட ஒத்தசொல் கேள்விகளில் 40 எடுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் காரணத்தை ஓர் எழுத்தால் குறியுங்கள். சொல்லே தெரியாது என்றால் ‘அ’. சொல் தெரியும், ஆனால் கேட்ட பொருள் தெரியாது என்றால் ‘ஆ’. தொடர்புச் சொல்லையோ எதிர்ச்சொல்லையோ எடுத்திருந்தால் ‘இ’. நேரம் போதவில்லை, அல்லது விடைத்தாளில் வரிசை மாறிவிட்டது என்றால் ‘ஈ’. நீங்களே ஊகித்து எழுதாதீர்கள், அவளிடம் ‘இதை ஏன் எடுத்தாய்’ என்று கேட்டுக் குறியுங்கள். ‘அ’ பாதிக்கு மேல் இருந்தால் சொற்செல்வம்தான் பிரச்சினை, கீழே சொல்லும் அட்டைப் பயிற்சியில் நேரத்தைச் செலவிடுங்கள். ‘இ’, ‘ஈ’ அதிகமானால் புதிய சொல் எத்தனை சேர்த்தாலும் மதிப்பெண் ஏறாது. பட்டியலை இரண்டு முறை முடித்த பிள்ளைகளிடம் ‘ஆ’வும் ‘இ’யும்தான் தூக்கலாக இருக்கும் என்பது என் கணிப்பு.

இனி அட்டை. அஞ்சலட்டையில் பாதி அளவு போதும். முன்பக்கம் ஆங்கிலச் சொல் மட்டும். பின்பக்கம் ஐந்து விஷயங்கள்: அது பெயரா வினையா பண்பா என்பது, பிள்ளையின் சொந்த வார்த்தையில் பொருள், அவளுக்கு ஏற்கனவே தெரிந்த ஓர் ஒத்தசொல், ஓர் எதிர்ச்சொல், அவளே அமைத்த ஒரு வாக்கியம். வாக்கியத்தில் பொருள் புலப்பட வேண்டும். ‘அவன் ரிலக்டன்டாக இருந்தான்’ என்பது வாக்கியமே அல்ல. அந்த இடத்தில் ‘ஹேப்பி’ போட்டாலும் நிற்கும். ‘தண்ணீர் குளிராக இருந்ததால் நீச்சல் குளத்தில் இறங்க ரிலக்டன்டாக இருந்தான்’ என்றால் தயக்கம் தெரிகிறது. எழுதும் வேலையை நீங்கள் செய்து கொடுத்தால் அட்டை அழகாக இருக்கும், பயன் பாதிதான்.

நாளைக்கு 4 புதிய சொல், வாரத்தில் 5 நாள், ஆக வாரத்துக்கு 20. நாற்பது வாரத்தில் 800. குறைவாகத் தோன்றும். ஆனால் ஒவ்வோர் அட்டையும் இரண்டு மூன்று சொற்களைக் கூடவே இழுத்துவருவதால் உண்மையில் தொடும் சொற்கள் அதைவிடப் பலமடங்கு.

திருப்பிப் பார்ப்பதற்கு ஐந்து அறைப் பெட்டி. செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் 1970களில் பரப்பிய முறை இது. புதிய அட்டை முதல் அறையில். முதல் அறையைத் தினமும், இரண்டாவதை இரண்டு நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை நான்கு நாளுக்கு ஒருமுறை, நான்காவதை வாரம் ஒருமுறை, ஐந்தாவதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்கு, தவறினால் எங்கிருந்தாலும் முதல் அறைக்கு. தினம் 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முதல் அறையில் 15 அட்டைகளுக்கு மேல் குவிந்தால் புதிய சொல்லை நிறுத்திவிட்டுத் தேங்கியதை முடியுங்கள். இந்த விதியை மீறுவதால்தான் பெரும்பாலான பெட்டிகள் மூன்றாம் மாதத்தில் அலமாரிக்கு மேல் ஏறிவிடுகின்றன.

கேட்கும் விதத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள். ஒருநாள் சொல்லைக் காட்டிப் பொருள், இன்னொரு நாள் வாக்கியத்தில் அந்த இடத்தை விட்டுவிட்டுப் படித்துச் சொல்லைக் கேட்பது, வேறொரு நாள் எதிர்ச்சொல். கைபேசிச் செயலிகளில் சோடி சேர்க்கும் விளையாட்டு ஏராளம். அவற்றில் பிள்ளை சொல்லின் முகத்தை அடையாளம் காண்கிறதே தவிர, நினைவிலிருந்து எடுக்கப் பழகுவதில்லை. பேருந்தில் போகும்போது பொழுதுபோக்காக இருக்கட்டும்.

அடுத்தது, பல ட்யூஷன் தாள்களில் நேர்மாறாகச் செய்யப்படுவது. ‘ஹேப்பி’க்கு 20 ஒத்தசொல், ‘சேட்’டுக்கு 20 என்று கொத்துக் கொத்தாகக் கொடுப்பார்கள். அறியாத சொற்கள் நான்கைந்தை, அதுவும் ஏறக்குறைய ஒரே பொருளுள்ளவற்றை, ஒரே நாளில் படித்தால் அவை ஒன்றோடொன்று கலந்துவிடும். நான்கு புதிய சொற்களும் நான்கு வெவ்வேறு திசையிலிருந்து வரட்டும்: ஒன்று கோபம், ஒன்று வேகம், ஒன்று வீடு, ஒன்று பேச்சு. ஒவ்வொன்றும் தனித்தனியே நான்காவது அறைவரை போன பிறகு, மாதம் ஒருமுறை தரையில் அட்டைகளைப் பரப்பிக் குடும்பம் குடும்பமாக அடுக்கச் சொல்லுங்கள். தெரிந்ததைச் சேர்ப்பது வேறு, தெரியாததைக் கொத்தாக விழுங்குவது வேறு.

அந்த அடுக்கலை வலிமை வரிசையாகவும் செய்யவையுங்கள். ‘அனாய்ட்’ என்பது எரிச்சல், ‘இன்டிக்னன்ட்’ அநியாயம் நடந்ததைக் கண்டு வரும் கோபம், ‘ஃப்யூரியஸ்’ கடுஞ்சினம். தமிழ் வீடுகளில் இது ஒரு தனிப் பிரச்சினை. பெற்றோர் மூன்றுக்கும் ‘கோபம்’ என்றே பொருள் சொல்லிவிடுகிறோம். ‘ஏன்ஷன்ட்’, ‘ஃபார்மர்’, ‘ஸ்டேல்’ மூன்றும் ‘பழைய’ ஆகிவிடுகின்றன. பழைய கோயில், பழைய தலைமையாசிரியர், பழைய ரொட்டி என்று தமிழில் ஒரே சொல் ஓடும், ஆங்கிலத்தில் ஓடாது. தமிழில் பொருள் சொல்வதே தவறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒற்றைச் சொல்லோடு நிறுத்துவதுதான் தவறு. ‘ஸ்டேல்’ என்றால் ‘ஊசிப்போகவில்லை, ஆனால் காய்ந்து பழசாகிவிட்ட ரொட்டி’ என்று சொன்னால் எந்த அகராதியையும்விட நன்றாகப் பதியும். ‘சல்ட்ரி’க்குப் ‘புழுக்கம்’, ‘அப்ஸ்டினட்’டுக்குப் ‘பிடிவாதம்’ என்று நம் சொல் கச்சிதமாக உட்காரும் இடங்களும் நிறைய.

நன்மை தீமைச் சாயலையும் குறிக்க வேண்டும். ‘த்ரிஃப்டி’, ‘மைஸர்லி’ இரண்டுமே செலவழிக்கத் தயங்குவதுதான். ஆனால் முன்னது சிக்கனம், பின்னது கஞ்சத்தனம். ‘ஃப்ரூகல்’ கேட்டு இரண்டையும் விடையில் வைத்தால் ‘த்ரிஃப்டி’தான் விடை. அட்டையின் மூலையில் ஒரு கூட்டல் குறியோ கழித்தல் குறியோ போட்டால் போதும். பொருள் மங்கலாக நினைவிருக்கும் சொல்லுக்குக்கூட இந்தக் குறி நினைவிருந்தால் ஐந்தில் இரண்டு மூன்று விடைகளைத் தள்ளிவிடலாம்.

ஆங்கிலத்தில் ஏன் ஒரு பொருளுக்கு இத்தனை சொல் என்பதைப் பிள்ளைக்கு ஒருமுறை சொல்லிவிடுவது நல்லது, மனப்பாடம் இலகுவாகும். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு வந்தது. தேவாலயத்திலும் கல்வியிலும் இலத்தீன் இருந்தது. குடியானவர்கள் பழைய ஆங்கிலமே பேசினார்கள். அதனால் ‘ஆஸ்க், க்வெஸ்டியன், இன்டராகேட்’, ‘கிங்லி, ராயல், ரீகல்’, ‘ரைஸ், மவுன்ட், அசென்ட்’ என்று மூன்று அடுக்குகள். முதலாவது சமையலறைச் சொல், கடைசி புத்தகச் சொல். தண்ணீர், ஜலம், தீர்த்தம் என்று நாம் இடத்துக்கேற்ப மாற்றுவதைப் போலத்தான். தேர்வில் கேள்விச்சொல் பெரும்பாலும் இலத்தீன் அடுக்கிலிருந்து வரும், விடை கீழ் அடுக்கில் இருக்கும்.

இலத்தீன் அடுக்குக்குச் சொற்பகுதி அறிவு உதவும். ‘பெனி’ என்று தொடங்கினால் நன்மை, ‘மல்’ என்றால் தீமை: ‘பெனவலன்ட்’, ‘மலெவலன்ட்’. ‘க்ரெட்’ இருந்தால் நம்பிக்கை: ‘இன்க்ரெடிபிள்’, ‘க்ரெடுலஸ்’. இருபது முப்பது பகுதிகள் போதும். ஆனால் இதைக் கற்ற பிள்ளை விழும் குழி ஒன்று உண்டு. முன்னால் ‘இன்’ வந்தாலே மீதிச் சொல்லுக்கு நேர் எதிர்ச்சொல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘இன்வேல்யுவபிள்’ என்றால் மதிப்பற்றது அல்ல, விலைமதிக்க முடியாதது. ‘இன்ஃபிளேமபிள்’ என்றால் நன்றாகத் தீப்பற்றும். ‘இன்ஃபமஸ்’ பெயர் தெரியாதவர் அல்லர், பெயர் கெட்டவர். மூன்றையும் சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.

ஒலியால் குழப்புபவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘எமினென்ட்’ பெயர்பெற்ற, ‘இமினென்ட்’ இதோ நடக்கப்போகிற. ‘அட்வர்ஸ்’ பாதகமான, ‘அவர்ஸ்’ விருப்பமில்லாத. ‘இன்ஜீனியஸ்’ சாமர்த்தியமான, ‘இன்ஜென்யுவஸ்’ கள்ளமில்லாத. ‘வெயரி’ எச்சரிக்கையான, ‘வியரி’ களைத்த. வீட்டில் நாம் உச்சரிக்கும்போது கடைசி இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, ஆகவே இவற்றுக்கு மட்டும் அகராதித் தளத்தின் ஒலியைக் கேட்கவைப்பது நல்லது.

லண்டனில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ‘மக்னானிமஸ்’ தெரிந்து ‘ஹார்த்’ தெரியாமல் போவது சகஜம். கணப்படுப்பு, வேலி, வைக்கோல் கூரை, பெட்டைச் செம்மறி ஆடு, ஊர்ப் பாதிரியார், பழைய வீட்டுச் சமையல் சாமான் அறை: ‘ஹார்த், ஹெட்ஜ், தாட்ச், யூ, விகார், லார்டர்’. இவை எளிய சொற்கள் என்று பட்டியல்களில் சேர்ப்பதில்லை. ஆங்கிலேயத் தாத்தா பாட்டி உள்ள வீட்டில் தானாகக் காதில் விழும், நம் வீட்டில் விழாது. ‘யூ’ என்ற ஆட்டை ‘நீ’ என்ற ‘யூ’வோடு குழப்பிக்கொள்ளும் பிள்ளை எழுத்தைப் பார்த்தும் திகைக்கும். விலங்குகளின் குட்டி, பெண்பால், இருப்பிடம், பழைய தொழில்கள், கப்பலின் பாகங்கள், துணி வகைகள் என்று ஆறேழு தலைப்பில் தலா 15 சொற்கள் எடுத்துச் சனிக்கிழமைகளில் படத்தோடு பாருங்கள். இந்தத் தலைப்புச் சொற்கள் ஒன்றுக்கொன்று ஒத்தபொருள் அல்ல என்பதால் இங்கே தலைப்புவாரியாகப் படிப்பதில் குழப்பம் வராது.

கதைப் புத்தகம் தினம் 20 நிமிடம் கட்டாயம். தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்த வேண்டாம், கதை செத்துவிடும். ஒரு நாளைக்கு மூன்று சொல் மட்டும் பென்சிலால் கோடிட்டு, படித்து முடித்த பிறகு பார்த்தால் போதும். அடுத்த நாளின் நான்கு அட்டைகளில் குறைந்தது இரண்டு இந்தக் கோடிட்ட சொற்களிலிருந்து வந்தால் மிகச் சிறப்பு. ஏற்கனவே ஒரு காட்சியில் பார்த்த சொல் என்பதால் அது ஒட்டிக்கொள்ளும். தெசாரஸ் என்ற ஒத்தசொல் அகராதியைச் சொல் தேட மட்டும் பயன்படுத்துங்கள். அதில் அருகருகே இருப்பதெல்லாம் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடக்கூடியவை அல்ல. வாக்கியம் தரும் சிறுவர் அகராதியில் சரிபார்த்த பிறகே அட்டையில் ஏற வேண்டும்.

விடை தேர்ந்தெடுக்கும் முறையைத் தனியாகப் பழக்க வேண்டும். விடைகளைக் கையால் மூடிக்கொண்டு, கேள்விச்சொல்லுக்குத் தன் வார்த்தையில் பொருள் சொல்லிவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும். இது ஒன்றே ‘இ’ வகைத் தவறுகளைப் பெருமளவு குறைக்கும். பிறகு சொல்லின் வகை பார்க்க வேண்டும்: கேள்வி ‘டிஸீவ்’ என்ற வினையாக இருந்தால் ‘டிஸானஸ்ட்’ என்ற பண்பு விடையாகாது, ‘ட்ரிக்’தான். எதுவும் பொருந்தவில்லை என்றால் கேள்விச்சொல்லுக்கு வேறொரு பொருள் இருக்கிறது என்று அர்த்தம். ‘கிரேவ்’ கல்லறை மட்டுமல்ல, ‘தீவிரமான’ என்றும் பொருள்படும்.

நேரத்துக்கு வருவோம். ஜிஎல்லின் வழக்கமான வெர்பல் ரீசனிங் மாதிரித் தாளில் 50 நிமிடத்துக்கு 80 கேள்விகள். கேள்விக்கு 38 விநாடிகூட இல்லை. சங்கேதக் கேள்விகளுக்கு அதைவிட அதிகம் தேவைப்படும், ஆகவே ஒத்தசொல்லை 20 முதல் 25 விநாடியில் முடித்தாக வேண்டும். தெரிந்த சொல் உடனே வரும். தெரியாத சொல் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாலும் வராது. அதனால் தள்ள முடிந்ததைத் தள்ளி, மிச்சத்தில் ஒன்றைக் குறித்துவிட்டுப் போய்விட வேண்டும். இந்தத் தேர்வுகளில் பொதுவாகத் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, காலியாக விடுவது வீண். அமெரிக்கத் தனியார் பள்ளிகளுக்கான எஸ்எஸ்ஏடி தேர்வில் நடுநிலை, மேல்நிலைத் தாள்களில் தவறுக்குக் கால் மதிப்பெண் கழியும். அந்தத் தேர்வுக்கான ஆலோசனையை இணையத்தில் படித்துவிட்டு ‘தெரியாவிட்டால் விட்டுவிடு’ என்று மகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

நேரம் வைத்துச் செய்யும் பயிற்சியை ஏப்ரலுக்கு முன் தொடங்க வேண்டாம். அதன்பின் வாரம் இரண்டு முறை, 20 கேள்வி 8 நிமிடம். ஆகஸ்டில் முழுத் தாள். தனி விடைத்தாளில்தான் குறிக்க வேண்டும், கேள்வித்தாளிலேயே வட்டம் போட்டுப் பழகிய பிள்ளை வரிசை மாற்றிக் குறித்துவிடும். ஒவ்வொரு பத்தாவது கேள்வியிலும் எண்ணைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். தேர்வுக்கு இரண்டு வாரம் முன்னே புதிய அட்டை நின்றுவிட வேண்டும். அந்த இரண்டு வாரம் முதல் இரண்டு அறையில் மிஞ்சிய அட்டைகளும் சிவப்பு மைச் சொற்களும் மட்டும்.